மலைச் சுனையும் படகு ஏரியும்

தமிழில் நீர்நிலைகளைக் குறிக்கும் சொற்கள் பல. ஏரி, குளம், கயம், பொய்கை, மடு, ஊருணி, கேணி, சுனை என அடுக்கிக்கொண்டே போகலாம். இவை யாவும் ஒரே பொருளைத் தருவன என்று மாணவர்கள் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. மழைநீரையும் ஆற்றுநீரையும் கரைகட்டித் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுவது ஏரி. ஊரார் உண்பதற்கு உரியது ஊருணி. மலைப் பாறைகளின் இடையே ஊறி, தானே தங்கி நிற்பது சுனை. ஒரு நீர்நிலை எங்கிருந்து நீர் பெறுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்ற செய்தி அதன் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வாறு பார்க்கும்போது, தமிழ்நாட்டின் பழனி மலைமீதுள்ள கொடைக்கானல் ஏரி ஒரு விந்தையான நீர்நிலையாகும். பெயரால் அது ஏரி. பிறப்பால் அது சுனை. மலையூற்றுகளும் சிற்றோடைகளும் வந்து கூடிய ஒரு சதுப்பு நிலத்தைக் கரைகட்டி மறித்ததால் உண்டானது. ஆனால் அது எந்த வயலுக்கும் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்டதன்று. மனிதர் ஓய்வு கொள்ளவும் படகு விடவும் அமைக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து தமிழகம் சென்றுவரும் நம்மவர்கள் மதுரை, பழனி என்று வழிபாட்டுத் தலங்களைக் கண்டபின் ஒரு நாளேனும் இங்கே தங்கி வருவது வழக்கம். அவ்வாறு கண்டவர்களும் காணாதவர்களும் அறிந்துகொள்ளத் தக்க மூன்று வினாக்கள் உள்ளன. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் எவ்வாறு வற்றாமல் நிற்கிறது? மக்கள் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டும் அங்கே திரள்வது ஏன்? அந்த ஏரி இன்னும் எத்தனை காலம் நிலைத்திருக்கும்?

சுனையாடல்

மலையும் நீரும் விளையாட்டும் கூடிய பொழுதுபோக்கு ஆங்கிலேயர் நமக்குக் கற்றுத் தந்தது என்று எண்ண வேண்டியதில்லை. நம் அகப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் உரிய நீரையும் வகுத்துக் கூறுகிறது. குறிஞ்சித் திணைக்கு உரியவை அருவிநீரும் சுனைநீரும். தினைப்புனம் காக்கச் சென்ற மகளிர் உச்சிப் பொழுதில் அருவியிலும் சுனையிலும் நீராடி, பூக்கொய்து மகிழ்வதைச் சங்கப் பாடல்களில் பலவிடத்தும் காணலாம். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வரிசையாக வருவதும் இத்தகைய ஒரு நீராட்டை ஒட்டியே.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. அந்த மகளிர் கிளியோட்டும் வேலைக்கு வந்தவர்கள். வேலையின் நடுவே சிறிது பொழுது நீராடினார்கள். மலையே அவர்களுக்கு ஊர். இன்று மலைக்கு ஓய்வுதேடிச் செல்பவர்களோ சமவெளி மக்கள். இலக்கணம் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் கூறுகிறது. அஃதாவது ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர்காலம். இன்றைய ‘சீசன்’ எனப்படுவதோ சித்திரை, வைகாசி மாதங்கள். மலைவாழ்நர் கண்ட பருவம் வேறு. வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோர் கண்ட பருவம் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் கொடைக்கானல் ஏரியின் வரலாறு எளிதில் விளங்கும்.

ஏரி பிறந்த வரலாறு

பழனி மலைத்தொடரை ஆங்கில அரசுக்காக லெப்டினன்ட் வார்டு என்பவர் 1821ஆம் ஆண்டில் அளந்தார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டர்கள் சமவெளி நோய்களிலிருந்து தப்பும் பொருட்டு 1845ஆம் ஆண்டில் இம்மலைமீது முதல் வீடுகளைக் கட்டினர். அப்போது இங்கே ஏரி இல்லை. குன்றுகளின் நடுவே ஒரு பள்ளம். அதில் ஓடைகள் வந்து கலக்கும் சதுப்பு. அவ்வளவே.

மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்சு 1863ஆம் ஆண்டில் இச்சதுப்பின் வாயிலில் கரை அமைத்தார். நீர் பின்வாங்கி, பள்ளத்தின் கிளைகள் ஒவ்வொன்றிலும் நுழைந்து பரவியது. ஏரி இன்று விண்மீன் வடிவில் பல முனைகளோடு காட்சியளிப்பதற்குக் காரணம் இதுதான்: அந்த முனைகள் ஒவ்வொன்றும் முன்பு ஓர் ஓடை வந்த வழி. லெவிஞ்சு தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைத்தார். ஏரியில் மீன்களையும் விடச் செய்தார். ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். அதைச் சுற்றிச் செல்லும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

இத்தகைய ஏரிகள் அக்காலத்தில் பல மலைவாசத் தலங்களில் தோன்றின. நீலகிரியில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகமண்டல ஏரியை 1823 முதல் 1825 வரையில் அமைத்தார். இலங்கையில் ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், நுவரெலியா ஏரி உண்டாயிற்று. அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம்மினத்தவரே.

தென்னாட்டு மலைகளில் இயற்கையான பெரிய ஏரிகள் அருகிக் காணப்படுவது ஏன் என்ற கேள்வி இங்கே எழலாம். ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஏரிகளில் பெரும்பாலானவை பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நீர் தங்கியதால் உண்டானவை. சில, மலைச்சரிவு வீழ்ந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் தோன்றியவை. சுவிட்சர்லாந்தில் பிளாவ்சே என்னும் சிறு ஏரி அவ்வகையைச் சேர்ந்தது. நிலத்தடி ஊற்றுகளே அதனை நிரப்புவதால் அதன் நீர் பளிங்குபோல் தெளிவாகவும் ஆண்டு முழுதும் குளிர்ந்தும் இருக்கிறது. பழனி மலையில் பனியாறுகள் என்றும் இருந்ததில்லை. நெடுங்காலமாக மழையும் ஓடையும் அறுத்த பள்ளங்களே உள்ளன. அவற்றில் விழும் நீர் ஓடிவிடும். ஆகவே நீர் நிற்க வேண்டுமானால் மனிதன் கரைகட்ட வேண்டியதாயிற்று.

மலைமேல் தண்ணீர் வந்தது எப்படி?

கரையை மனிதன் கட்டலாம். தண்ணீரை அவன் படைக்க முடியாது. இனி, நீரின் வரவைக் காண்போம்.

கொடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் கோடைமழையும் ஓரளவு தர, வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் மிகுதியாகத் தருகிறது. கோலாலம்பூரில் இதைவிட அதிகமாகப் பெய்கிறது என்றாலும், ஒரு மணி நேரப் பெருமழைக்குப் பின் நம் கால்வாய்கள் பொங்குவதையும் மறுநாளே வறண்டு கிடப்பதையும் காண்கிறோம். பழனி மலையில் பெய்த மழையோ பல மாதங்களுக்குப் பின்னரும் ஊற்றாகக் கசிந்துகொண்டிருக்கிறது. அங்கே நீரைச் சேமித்து வைப்பவை இரண்டு. ஒன்று சோலை, மற்றொன்று புல்வெளி.

மலைச்சரிவுகளின் மடிப்புகளில், காற்றுக்கு ஒதுங்கிய இடங்களில், குட்டையான பசுமைமாறா மரங்கள் நெருங்கி வளர்ந்திருக்கும். இதனைத்தான் நாம் சோலை என்கிறோம். ஆங்கிலத் தாவர நூல்களும் இதனை ‘ஷோலா’ என்றே வழங்குகின்றன. அது நம்மிடமிருந்து சென்ற சொல். சோலையின் தரையில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் படிந்து மக்கிக் கிடக்கும். மரங்களின் உடலெங்கும் பாசி படர்ந்திருக்கும். மூடுபனியின் துளிகள்கூட அப்பாசியில் படிந்து சொட்டும். குன்றுகளின் முடிகளையும் திறந்த சரிவுகளையும் புல்வெளி மூடியிருக்கும். புல்லின் வேர்கள் கரிய மண்ணை இறுகப் பற்றிக்கொண்டு, விழும் மழை மண்ணை அரிக்காமல் காக்கின்றன.

மழைநீர் இந்த மண்ணுக்குள் இறங்குகிறது. அடியிலோ கடினமான பாறை. அதனால் மேலும் ஆழத்திற்குச் செல்ல இயலாமல், பாறையின் மேற்புறத்திலும் அதன் வெடிப்புகளிலும் மெல்ல நகர்ந்து, பள்ளத்தின் அடிவாரத்தில் வெளிப்படுகிறது. அதுவே ஊற்று. மழை நின்றபிறகும் மண் தான் குடித்த நீரைச் சிறிது சிறிதாக விடுத்துக்கொண்டிருக்கிறது. மிகுந்த நீர் ஏரியிலிருந்து வழிந்து, மலைப்பாதையின் ஓரத்தில் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளியருவியாக வீழ்கிறது. கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறுபவர்கள் ஏரியைக் காண்பதற்கு முன்பே, அதன் உபரிநீரை அந்த அருவியில் கண்டுவிடுகிறார்கள்.

சுனைகள் எல்லாம் குளிர்ந்தே இருக்கும் என்பதில்லை. நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வடபகுதியில் செலாயாங்கிலுள்ள வெந்நீர் ஊற்றை அறியாதார் இலர். அதன் சூட்டுக்கு எரிமலை காரணமன்று. கருங்கற் பாறையின் நீண்ட பிளவுகள் வழியே மழைநீர் மிக ஆழத்திற்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலே வருகிறது. ஆழச் சென்று திரும்பும் நீர் சுடும். மேலோட்டமாக மண்ணில் தங்கி வரும் நீர் குளிர்ந்திருக்கும். மேலோட்டமான ஊற்றின் வாழ்வு மேல்மண்ணைப் பொறுத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை எடுத்து, இரண்டின் ஒரு முனையிலும் துளையிட்டு, துளையின்கீழ் ஒவ்வொரு கண்ணாடிக் குவளையை வையுங்கள். ஒரு தட்டில் புல்லோடு பெயர்த்த மண்ணையும், மற்றதில் வெறும் மண்ணையும் பரப்புங்கள். தட்டுகளைச் சாய்வாக நிறுத்தி, இரண்டிலும் ஒரே பால்டின் அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கிய நீர் உடனே ஓடிவந்து குவளையில் விழும். விரைவில் நின்றும் விடும். புல்மண்ணிலிருந்து நீர் தாமதமாக, தெளிவாக, நெடுநேரம் சொட்டும். ஐந்தாம் ஆண்டு மாணவன்கூட இரண்டு குவளைகளையும் பார்த்துவிட்டு, எது ஊற்று, எது வெள்ளம் என்று சொல்லிவிடுவான்.

பருவமும் படகும்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுவிதி. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உள்ளது. ஆகவே உயரம் ஒன்றினாலேயே 13 பாகைக்கு மேல் தணிவு ஏற்படுகிறது. மூடுபனியும் மரஞ்செடிகளும் பகல் வெயிலை இன்னும் தணிக்கின்றன. மே மாதத்தில் மதுரை 38 பாகையைத் தாண்டிக் கொதிக்கும்போது கொடைக்கானலின் பகல் 20 பாகையை ஒட்டியே நிற்கும். சமவெளி மக்கள் அங்கே ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆல்ப்ஸ் ஏரிகளுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. கோடையில் நீந்துவர், குளிர்காலத்தில் உறைந்த நீர்மேல் சறுக்குவர். தண்ணீர் 4 பாகையில் மிகுந்த அடர்த்தி பெற்றுக் கீழே தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைந்து ஓடாகிறது. கொடைக்கானல் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகையில் உள்ளது. மார்கழி, தை இரவுகளில் புல்நுனியில் உறைபனி வெண்மையாகப் படியும். ஆனால் ஏரி உறைவதில்லை. ஆகவே அங்கே பொழுதுபோக்கு என்றால் முதன்மையாகப் படகுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை முதற் பருவம். செப்டம்பர், அக்டோபரில் சிறிய அளவில் இரண்டாம் பருவம்.

படகுக் கழகம் 1890ஆம் ஆண்டில் தோன்றியது. நெடுங்காலம் அது ஐரோப்பியரின் தனி உரிமையாகவே இருந்தது. 1932ஆம் ஆண்டில்தான் பொதுமக்களும் பயணிகளும் படகேற வழி திறந்தது. ஏரியின் அருகே 1908ஆம் ஆண்டில் வன அதிகாரி பிரயண்டு அமைத்த பூங்கா இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மே மாதத்தில் அங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது. கோடை விழாவின்போது அலங்கரித்த படகுகள் ஏரியில் அணிவகுக்கின்றன. துடுப்புப் படகு, மிதிபடகு, கரையோரத்தில் வாடகைச் சைக்கிள், குதிரைச் சவாரி, சுட்ட சோளம் என்று பருவம் களைகட்டும். அந்த இரண்டு மூன்று மாத வருவாயைக் கொண்டே ஆண்டு முழுதும் வாழும் குடும்பங்கள் அங்கே பல.

இந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் நின்ற உழைப்பையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார்ப் பாதை திறக்கப்படும் வரையில், பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்து மலைமேல் தூக்கிச் சென்றவர்கள் கூலியாட்கள். பெட்டிபடுக்கைகளும் அவர்கள் தலைமேல்தான் ஏறின. மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு அறிந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஒருவர் இளைப்பாற மற்றொருவர் இளைத்தார் என்பது எல்லா மலைவாசத் தலங்களின் அடிக்கல்லிலும் எழுதப்படாத வாசகம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஏரியிலிருந்து சிறிது தொலைவில் குறிஞ்சியாண்டவர் கோயில் உள்ளது. இலங்கைத் தமிழ்ப் பெருமகன் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் பூண்ட மேல்நாட்டு அம்மையார் 1936ஆம் ஆண்டில் எழுப்பியது அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் பெயரையே அங்கு முருகன் தாங்கி நிற்கிறான். 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அம்மலர் பூத்தது.

ஏரிக்கும் முதுமை உண்டு

மனிதர்க்குப் போலவே ஏரிக்கும் இளமை, முதுமை, இறுதி என்பன உண்டு. ஓடைகள் கொண்டுவரும் மண் ஆண்டுதோறும் அடியில் படிகிறது. ஆழம் குறைகிறது. கழிவுநீரிலுள்ள சத்துகளை உண்டு நீர்ப்பாசியும் களைகளும் செழிக்கின்றன. அவை மக்கும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடுகின்றன. மீன் வாழ முடிவதில்லை. இறுதியில் ஏரி மீண்டும் சதுப்பாகிவிடும். இயற்கை இதனை நெடுங்காலத்தில் மெல்லச் செய்யும். மனிதன் விரைவாகச் செய்துவிடுகிறான்.

கொடைக்கானலில் மூன்று தீங்குகள் சேர்ந்தன. முதலாவது, சோலையும் புல்வெளியும் சுருங்கியமை. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் சீமைச் சவுக்கு, தைலமரம் முதலிய அயல்நாட்டு மரங்கள் புல்வெளிகளில் நடப்பட்டன. பழனி மலைகளின் புல்வெளி நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு மலை முன்னைவிடப் பசுமையாகத் தோன்றலாம். ஆனால் மரம் நின்றால் போதும், நீர் நிற்கும் என்பது சரியான கணக்கன்று; எந்த மரம், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். விரைந்து வளரும் அயல்மரம் மண்ணின் நீரை விரைந்து குடிக்கவும் செய்யும்.

இரண்டாவது, நஞ்சு. நகரில் இயங்கிய ஒரு வெப்பமானி ஆலை 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பின்னர் ஏரியை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஏரிநீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் கலந்திருப்பதை அளந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மேலும் கொடிய ஒரு கூட்டுப்பொருளாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறி, மீனை உண்பவர் உடலில் ஏறுகிறது.

மூன்றாவது, கூட்டம். ஊற்று எவ்வளவு சுரக்கிறதோ அவ்வளவே சுரக்கும். விடுதி கட்டுவோரின் கணக்கு அதற்குத் தெரியாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் முன்கூட்டியே மின்சீட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வேலை நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும் என வரம்பு வகுக்கப்பட்டது. ஒரு மலை இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று ஓர் எண்ணைச் சொல்ல மனிதன் துணிந்தது நல்ல தொடக்கமே.

நம் பள்ளத்தாக்கில்

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள் என்று நாம் வாளாவிருக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் காலாற நடந்து செல்லும் கோலாலம்பூர் ஏரிப் பூங்காவும் ஓர் ஓடையை மறித்து அமைத்ததே. சிலாங்கூர் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங் 1888ஆம் ஆண்டில் அந்தக் கருத்தை முன்வைத்தார். மறு ஆண்டே பூங்கா திறக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் தாசேக் பெர்டானா என்றும், 2011ஆம் ஆண்டில் பெர்டானா தாவரவியல் பூங்கா என்றும் அது பெயர் மாறியது. வரலாறு ஒன்றே: ஓடை, கரை, படகு, பொழுதுபோக்கு.

கேமரன் மலையில் ரிங்லெட் நீர்த்தேக்கம் 1963ஆம் ஆண்டில் மின்சாரத்திற்காக அமைக்கப்பட்டது. மேலுள்ள சரிவுகளில் காடு வெட்டப்பட்டுக் காய்கறித் தோட்டங்கள் பெருகவே, மண் வந்து தேக்கத்தை நிரப்பியது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் நேர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நாம் தட்டில் செய்துபார்க்கும் சோதனையை அங்கே ஒரு மலையே செய்துகாட்டிவிட்டது.

நமது ஈயக்குட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தித்திவங்சா ஏரியைப்போலப் பூங்காவாக மாற்றப்பட்ட குட்டைகள் சில. கேட்பாரற்றுக் கிடப்பவை பல. சுனை இயற்கையாக அமைந்தது. ஈயக்குட்டையின் கரையோ வெட்டியெடுத்த குழியின் சுவர். இரண்டடி வைத்தால் முழங்கால் ஆழம், மூன்றாம் அடியில் தலைக்கு மேல் நீர். அடியிலோ காலை விடாத சேறு. மேலே அமைதியாகத் தோன்றும் நீரை நம்பிப் பள்ளி விடுமுறையில் இறங்கும் பிள்ளைகள் கரையேறாமல் போவது நாம் அடிக்கடி நாளிதழில் படிக்கும் துயரம். சுனைக்கும் குட்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பது, ஓர் உயிரைக் காப்பதற்கு ஒப்பாகும். பெற்றோர் வீட்டிலும் சொல்ல வேண்டும்.

நீர்நிலைக்குப் பெயர் வைத்த நம் முன்னோர், அது வரும் வழியை முதலில் பார்த்தார்கள். நாம் கரையில் நின்று படகை மட்டும் பார்க்கிறோம். கொடைக்கானலுக்குச் செல்லும் அன்பர்கள் படகேறட்டும். பிள்ளைகளுக்குச் சுட்ட சோளமும் வாங்கித் தரட்டும். அதோடு ஏரியின் ஏதேனும் ஒரு முனைக்கு நடந்துசென்று, அங்கே வந்து சேரும் ஓடையைக் காட்டி, ‘இது எங்கிருந்து வருகிறது?’ என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். விடை தெரிந்த பிள்ளை நாளை எந்த ஊரில் வாழ்ந்தாலும் அவ்வூரின் நீரைக் காக்கும்.